பூட்டியின் பெயர்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பர் முன்னோர். பெருநதியின் பிறப்பிடம் ஒரு சிறு சுனையாயிருத்தல் கூடும்; பெருமுனிவரின் பிறப்பும் அங்ஙனமே எளியதாயிருத்தல் கூடும்; ஆதலின் மூலத்தைத் துருவாது பயனைக் கொள்க என்பது அப்பழமொழியின் கருத்து. நன்று. ஆயின் நாம் நதியுமல்லேம், ரிஷியுமல்லேம். நதியின் மூலத்தை ஒருவரும் தேடாவிடினும் நதி ஓடிக்கொண்டேயிருக்கும். எம்மைப் போன்ற எளிய குடும்பத்தாரின் மூலத்தை நாமே தேடாவிடின், அது இருந்ததற்கான அடையாளமும் இல்லாதொழியும். இவ்வாரம் இதனைப்பற்றி எழுதப் புகுந்தமைக்கு எம் இல்லத்திலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே காரணமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் அன்னையாரின் ஆட்டைத் திவசம் கிளிநொச்சியில் எம் வீட்டிலே நடைபெற்றது. விரலிலே தருப்பையணிந்து, எள்ளும் நீரும் கையிலேந்தி நாமும் தமையனாரும் அமர்ந்திருந்தோம். ஐயர் அவர்கள் வழக்கம்போல வினாவத் தொடங்கினார்.

"அம்மாவின்ரை பேர்?"

கூறினோம்.

"அப்பாவைப் பெத்தவவின்ரை பேர்?"

அதனையும் கூறினோம்.

"பேரனாரைப் பெத்தவ?"

நாம் தமையனாரை நோக்கினோம். தமையனார் எம்மை நோக்கினார். இருவரும் ஒருங்கே திண்ணையிலிருந்த மாமியாரை நோக்கினோம். எம் தந்தையாரின் தமக்கையாராகிய அவரும் வாய் திறந்திலர். ஐயர் எம் நிலையைக் கண்டு இரங்கி, "பரவாயில்லைத் தம்பி, உமாதேவி எண்டு சொல்லி விடுங்கோ. போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரும்" என்றார். அவ்வாறே சொல்லி நீர் வார்த்தோம். அந்நீர் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்திருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் எமது நாணம் எம்மோடே தங்கிவிட்டது. வகுப்பறையிலே நல்லூரை ஆண்ட செகராசசேகரரையும் பரராசசேகரரையும் வரிசை பிறழாது ஒப்பிக்குமாறு மாணாக்கரைப் பணிக்கும் நாம், எம் பாட்டனாரைப் பத்து மாதம் சுமந்தவளின் பெயரை அறியாதிருந்தோம்.

அன்று பிற்பகல் மாமியாரை அணுகித் தனியே கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆக்கள் எல்லாரும் அவவுக்கு முன்னமே போட்டினம். எங்களுக்கு அவ ஆச்சி. அயலுக்குக் கிணத்தடி வளவு ஆச்சி. பேர் ஆருக்குத் தெரியும்?"

இது மாமியாரின் குற்றமன்று. எமது பெயரிடும் முறையின் இயல்பே இது. ஐரோப்பியருக்குக் குடும்பப்பெயர் என ஒன்றுண்டு. அது தலைமுறை தலைமுறையாக மாறாது தொடர்ந்து வரும். எமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்தாகிறது. ஆகவே ஒவ்வொருவர் பெயரும் இரண்டு தலைமுறைகளை மட்டுமே சுமக்கின்றது. மகன் பெயரிலே தந்தை இருப்பார், பாட்டன் மறைந்துவிடுவார். சங்கிலியிலே ஒரு வளையம் கழன்றால் எஞ்சியது முழுவதும் கைநழுவிப் போகும். தாயின் பெயரோ மக்கள் பெயரில் எங்குமே இல்லை. ஆணின் பெயர் ஒரு தலைமுறையேனும் தொடர்கிறது. பெண்ணின் பெயர் அவளைப் பெயர்சொல்லி அழைத்தவரோடு முடிந்துவிடுகிறது.

நிற்க. எம்மோடு ஒருங்கு கற்பிக்கும் நண்பர் ஒருவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர். ஆசிரியர் அறையிலே எமது நாணத்தை அவரிடம் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, தம் தாய்வழியில் ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயர்களை, அவரவர்க்குக் கைகொடுத்த ஞானத்தாய்மாரின் பெயர்களோடு, ஒரு மூச்சிலே கூறி முடித்தார். யாம் வியந்தோம். "இதிலே வியப்பு யாது? எல்லாம் கோயிற் புத்தகத்திலே இருக்கின்றன" என்றார் அவர்.

அக்கோயிற் புத்தகத்தின் வரலாறு அறிதற்குரியது. இத்தாலிய நாட்டுத் திரெந்து நகரிலே கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம் 1563ஆம் ஆண்டில், பங்குக் குருமார் விவாகங்களையும் ஞானஸ்நானங்களையும் புத்தகத்திலே பதிந்து பேணல் வேண்டும் என விதித்தது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் மரணப் புத்தகத்தையும், பங்கிலுள்ள குடும்பங்களை வீடுவீடாகக் குறிக்கும் ஏட்டினையும் இவற்றோடு சேர்த்தது. ஞானஸ்நானப் பதிவிலே குழந்தையின் பெயர் மட்டுமன்று, தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை ஞானத்தாய் பெயர்கள், குருவின் கையொப்பம் ஆகிய யாவும் அடங்கும். அக்குழந்தை வளர்ந்து வேறொரு பங்கிலே மணம் புரிந்தால், அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அறிவிக்கப்பட்டு, பழைய பதிவின் ஓரத்திலே குறிக்கப்படும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, இப்புத்தகங்களின் படியொன்றை ஆண்டுதோறும் ஆயரின் பணிமனைக்கு அனுப்புமாறும் விதித்தது.

ஓரத்துக் குறிப்பின் அருமையை எம் நண்பர் தம் வாழ்விலே கண்டவர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கரையேறியபோது அவருடைய வீட்டுப் பெட்டகம் அலையோடு போயிற்று. பாட்டியார் எங்கே மணம் புரிந்தார் என்பதைக் கூறக்கூடியவர் எவரும் வீட்டிலே எஞ்சவில்லை. ஆயின் பாட்டியார் ஞானஸ்நானம் பெற்றது உள்நாட்டுப் பங்கொன்றிலே. அப்புத்தகத்தின் ஓரத்திலே, என்றோ ஒரு குருவானவர் சிறிய எழுத்தில் வரைந்திருந்த ஒரு வரி, மணம் நடந்த கோயிலையும் நாளையும் மணமகனையும் காட்டிக்கொடுத்தது.

அங்ஙனமாயின் சைவராகிய எமக்கு என்ன உண்டு? எமது ஆலயங்களிலே உபயகாரர் பெயர்கள் உண்டு, பிறப்பேடு இல்லை. சாதகவோலை உண்டு, ஆயின் அதிலே கிரகங்கள் நின்ற இடம் தெரியுமளவிற்குத் தாய் நின்ற இடம் தெரியாது. ஆயினும் வியப்பான செய்தியொன்று கேளுங்கள். எம் முன்னோருட் பலர் ஒரு காலத்திலே கிறித்தவப் புத்தகத்திலே பதியப்பட்டவரே. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், போர்த்துக்கேயர் வகுத்திருந்த கோவிற்பற்றுகளிலே தமது சபையையும் பள்ளியையும் நிறுவினர். பள்ளிச் சட்டம்பியாரே பதிவாளருமாயினார். குடும்பங்கள், ஞானஸ்நானங்கள், விவாகங்கள் ஆகியன பள்ளித் தோம்பிலே எழுதப்பட்டன. பதியப்பெறாதார்க்கு உத்தியோகம் கிட்டாது. பதியப்பெறாத மணத்துப் பிள்ளைகள் முதுசம் பெறுவதும் இடராயிற்று. ஆகவே பகலிலே கோவிற்பற்றில் ஒரு பெயரும், இரவிலே வீட்டில் வேறொரு பெயருமாக எம்மவர் இரட்டை வாழ்வு வாழ்ந்தனர். காணித் தோம்பு, தலைத் தோம்பு என வேறு ஏடுகளும் இருந்தன. தோம்பு என்ற சொல் இன்றும் எம் காணி உறுதிகளிலே வாழ்கின்றதன்றோ? இலங்கையில் எஞ்சிய ஒல்லாந்தர் ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பேணப்படுகின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்த்தது.

வன்னிப் பெருநிலம் அக்காலத்திலே வன்னியர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் ஒல்லாந்தர்க்கு யானைகளைத் திறையாகக் கொடுத்து வந்தனர். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தலைவர் சுவார்டெகுரூன் 1697இல் எழுதிவைத்த குறிப்பிலே, டொன் பிலிப் நல்லமாப்பாணன் என்றொரு வன்னியத் தலைவரின் பெயர் வருகின்றது. முன்பாதி போர்த்துக்கேயம், பின்பாதி பனங்காமம். இரட்டை வாழ்வு ஒரே பெயருள் அடங்கிவிட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தலைவர்களின் பெயரையும் யானைகளின் தொகையையும் அவர்கள் எழுதத் தவறவில்லை. குளத்தடியிலே சேறு மிதித்த குடியானவனின் மனைவி பெயரை எழுதவேண்டிய தேவை அவர்க்கு என்ன?

இவ்வாறு பிறர் தம் தேவைக்கு எழுதிய ஏட்டிலே தம் முன்னோரைத் தேடும் நிலை எமக்கு மட்டும் உரியதன்று. கனடாவிலே வாழும் எம் மைத்துனர், போலந்து வழிவந்த தம் அயலவர் ஒருவர் எட்டுத் தலைமுறைக் கொடிவழியை வரைந்து சுவரிலே தொங்கவிட்டிருப்பதைக் கூறினார். அதுகேட்டு அந்நாட்டு வரலாற்றைப் புரட்டினோம். 1795ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அடுத்த மாதத்திலே உருசியா, பிரசியா, ஒஸ்திரியா என்ற மூன்று அரசுகளும் போலந்தில் எஞ்சியிருந்த பகுதியையும் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு நாடு உலகப் படத்திலே இல்லை.

நாடு இல்லாதபோதும் புத்தகம் இருந்தது. ஒஸ்திரியர் பகுதியிலே 1784 முதல் கட்டம் கட்டிய ஏடுகளிலே இலத்தீனில் எழுதினர். உருசியர் பகுதியிலே பங்குக் குருவே அரசாங்கப் பதிவாளருமாயிருந்து, போலிஷ் மொழியிலே இரண்டு படிகள் எழுதினார். ஒன்று கோயிலிலே தங்கும்; மற்றொன்று நீதிமன்றிற்குச் செல்லும். 1868இன் பின் அதே குரு அதே நாற்காலியிலிருந்து உருசிய மொழியில் எழுதும்படியாயிற்று. பிரசியர் பகுதியிலே 1874இல் குடியியற் பதிவு ஜெர்மன் மொழியில் தொடங்கியது. ஆகவே ஒரே குடும்பத்திலே பாட்டன் பிறந்தது போலிஷிலும், தந்தை பிறந்தது உருசியத்திலும், எல்லைக்கு அப்பாலுள்ள மாமன் மகள் பிறந்தது ஜெர்மனிலுமாக எழுதப்பட்டிருக்கும். அப்பதிவுகளின் நடையும் இனியது. இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்ன ஊர் உழவர், இத்தனை வயதினர், இன்னின்ன சாட்சிகளோடு எம்முன் தோன்றி, ஓர் ஆண் குழந்தையைக் காட்டினார் என்று ஒரு சிறு கதைபோல அது செல்லும். 1944இல் வார்சா நகரம் எரிந்தபோது பெருஞ் சுவடிச்சாலைகளும் எரிந்தன. இரண்டு படி எழுதிய இடங்களிலே, ஒன்று போனபோது மற்றொன்று நின்றது. இன்று தன்னார்வலர் பலர் எஞ்சிய ஏடுகளைப் படித்துப் பெயரட்டவணை செய்து எவரும் காணுமாறு கணினியில் இட்டு வருகின்றனர்.

இலங்கையிலும் ஆட்சி மாறியபோதெல்லாம் ஏட்டின் மொழி மாறியது. ஆயின் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு, எச்சமயத்தார்க்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவு தீவெங்கும் வேரூன்றத் தொடங்கியது. ஞானஸ்நானம் பெற்றாலென்ன, பெறாவிட்டாலென்ன, பிறந்த குழந்தைக்கு ஏட்டிலே ஓரிடம் உண்டாயிற்று. அவ்வேட்டிலே தாயின் பெயருக்கெனத் தனியாக ஓர் இடமும் இருந்தது. எம் பெயரிடும் முறை மறந்துவிட்ட தாயை அரசாங்கத்து எழுதுநர் மறக்கவில்லை. இதனை உணர்ந்த நாளிலேதான், பூட்டியின் பெயரைத் தேடுவதாயின் பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடல் வேண்டும் என்ற தெளிவு எமக்கு உண்டாயிற்று.

பாட்டனார் பிறந்த ஆண்டு யாது? சாதகவோலை 2009இலே இடப்பெயர்வின்போது போன பொருள்களுள் ஒன்று. மீண்டும் மாமியாரிடமே சென்றோம். "ஐயா பிறந்தது முதற் கோச்சி வந்து பத்துப் பன்ரண்டு வருசத்தாலை எண்டு சொல்லுவினம். அப்ப இரணைமடு கட்டிக்கொண்டிருந்தவங்களாம்" என்றார். வடபகுதிப் புகைவண்டிப் பாதை 1905இலே வன்னியூடாக முழுமையுற்றது. இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டு நீடித்தது. ஆகவே 1915க்கும் 1917க்கும் இடைப்பட்ட காலம் என வரையறுத்தோம். எழுத்தறியாத மூதாட்டியரின் நினைவு எத்துணை நுட்பமானது பாருங்கள்! அவர்களுக்கு ஆண்டெண் தெரியாது. ஆயின் எது எதற்கு முன், எது எதற்குப் பின் என்பது தெரியும்.

அடுத்து, எவ்விடத்து ஏடு? இங்கேதான் பலர் வழிதவறுகின்றனர். முல்லைத்தீவு 1978இலேதான் தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. ஊர் அசையாது நிற்கும். எல்லைகள் அதன்மேல் நடந்து செல்லும். இன்றைய மாவட்டத்தை மட்டும் எண்ணித் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். நாமும் முதன்முறை அவ்வாறே திரும்பினோம். இரண்டாம் முறை ஊர் சரியாயிற்று, பெயர் சரியாகவில்லை. ஊரெல்லாம் அழைத்த பெயர் வேறு, ஏட்டிலே இட்ட பெயர் வேறு என்பது அப்போது எமக்குத் தெரியாது. மூன்றாம் முறை, பாட்டனாரின் பெயரை விடுத்து, அவர் தந்தையின் பெயரையும் ஊரையும் கொண்டு தேடுமாறு வேண்டினோம். ஓர் இளம் எழுதுநர், எம்மினும் ஆர்வத்தோடு பழுத்த தாள்களைப் புரட்டினார். 1916ஆம் ஆண்டுப் பகுதியிலே அவர் விரல் நின்றது.

தந்தையின் பெயர் இருந்தது. தொழில் கமம் என்றிருந்தது. அடுத்த கட்டத்திலே அவள் பெயர் இருந்தது. கிணத்தடி வளவு ஆச்சிக்கு அத்துணை அழகிய பெயரொன்று இருந்ததென எமக்கு எவரும் சொல்லவில்லை. அதனை ஈண்டு எழுதோம். அது எம் வீட்டார்க்குரியது. ஆயின் அதனினும் எம்மை உருக்கியது இன்னுமொரு கட்டம். பிறப்பை அறிவித்தவர் யார் என்ற இடத்திலே, குழந்தையின் தாயைப் பெற்றவள் என எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் வரவேண்டிய இடத்திலே ஒரு புள்ளடி. எழுதுகோலைப் பிடித்தறியாத ஒரு கை, மகள் பிரசவ அறையிலே கிடக்க, பதிவாளரிடம் நடந்துபோய், இரண்டு கோடுகளைக் குறுக்கே இழுத்திருக்கின்றது. ஒரு கோடு நேராயும் மற்றொன்று நடுங்கியும் இருந்தன. எம் குடும்பத்தார் தாளிலே வரைந்த எழுத்துக்களுள் எமக்குத் தெரிந்தவரையில் அதுவே மூத்தது.

குலப்பெருமை நாடி மூலத்தைத் தேடுவார் சிலருளர். தம் பாட்டனார் முதலியாராயிருந்தார், உடையாராயிருந்தார் என்று காட்ட விழைவர். அவர்களுக்காகவே நதிமூலப் பழமொழி எழுந்தது போலும். ஏடு பெருமையைத் தருவதில்லை, உண்மையைத் தருகின்றது. எமக்கு அது ஒரு புள்ளடியைத் தந்தது. எந்தப் பட்டயத்திற்காகவும் அதனை மாற்றிக்கொள்ளோம்.

இனி, மூதாதையரைத் தேடுதல் சிலருக்கு ஓய்வுநேர இன்பம். சிலருக்கோ அது வாழ்வுரிமை. எம் வகுப்பிலே மலையகத்திலிருந்து வந்த குடும்பத்து மாணாக்கர் பலர் கற்கின்றனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாற் சிதறி, வன்னியிலே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் ஒருவன் தன் தந்தையின் பிறப்புச் சான்றிதழை ஒருநாள் கொணர்ந்து காட்டினான். "சேர், இதிலே பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் எழுதுக என்று கேட்டிருக்கிறது. அப்பாவின் சான்றிதழில் அவ்விடம் வெறுமையாக இருக்கிறதே, ஏன்?" என்று வினாவினான்.

ஏன்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அதன்முன் இலங்கையிலே பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாவதற்கு, தந்தை இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும் என விதித்தது. லயத்து அறையிலே பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் ஏது? அவர் தந்தை மண்டபம் முகாமிலே பெயர் பதிந்து கடல் கடந்தவராயின் பூட்டனைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ? நாம் ஒருவரும் எளிதிற் காட்டமாட்டாத மூன்று தலைமுறைக் கணக்கை, தேயிலைச் செடியின்கீழ் வாழ்ந்தவரிடம் அரசு கேட்டது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இலே இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்தன. இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 முதல் இங்கு வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் பிரசாவுரிமையை வழங்கிற்று. ஒரு கட்டத்தின் வெறுமை 55 ஆண்டுகள் நீடித்தது. இவற்றை அம்மாணாக்கனுக்குச் சொன்னபோது அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த நாள், "எங்கள் பாட்டி திருச்சிப் பக்கத்து ஊரொன்றின் பெயர் சொல்லுவா. எழுதி வைத்துவிட்டேன், சேர்" என்றான்.

வன்னியிலே பதிவேடு என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்கலங்குவோர் வேறும் உளர். 2009இன் பின்னர், கையிலே ஒரு துண்டுக் கடதாசியும் இன்றி முகாமிலிருந்து மீண்டோர் எத்தனை பேர்! கொழும்பிலே இரட்டைப் படிகள் இருந்தமையால் எண்ணற்றோர் தம் பிறப்புச் சான்றிதழை மீளப் பெற்றனர். பதிவே கிடையாதார் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்றனர். ஆயின் இறப்புப் பதிவேட்டின் செய்தி வேறு. காணாமற்போனோர்க்கு இறப்புச் சான்றிதழ் வழங்க 2010இலே ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. இறந்தாரென எழுதமாட்டோம் என்று தாய்மார் பலர் மறுத்தனர். 2016இலே அச்சட்டம் திருத்தப்பட்டு, 'காணக் கிடைக்கவில்லை' எனச் சான்று பெறவும் வழி செய்யப்பட்டது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே தாய்மார் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது ஒரு சான்றிதழை அன்று, ஒரு விடையை. ஒரு பெயரை ஏட்டில் எழுதுதல் எத்துணைப் பெரிய செயல் என்பதை அவர்களே நன்கறிவர். அதனாலன்றோ எழுதவிடாது தடுத்து நிற்கின்றனர்?

இளைஞர்களே, மாணாக்கர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன சிலவே. முதலாவது, வீட்டிலுள்ள மூத்தோரை இன்றே கேளுங்கள். ஆண்டெண்ணைக் கேளாதீர், எப்போது என்று கேளுங்கள். புயலுக்கு முன்னோ பின்னோ, எந்தக் குளம் உடைத்த ஆண்டு, எவருடைய கலியாணத்திற்கு அடுத்து என்று கேட்டால் விடை வரும். இரண்டாவது, வீட்டுப்பெயரையும் ஏட்டுப்பெயரையும் தனித்தனியே குறித்து வையுங்கள். மூன்றாவது, பழைய உறுதிகளை எறியாதீர்கள். சீதன உறுதியிலே பெண்ணின் பெயரும், அவள் பெற்றோர் பெயரும், கணவன் பெயரும் ஒருங்கே இருக்கும். வீட்டிலுள்ளது தொலைந்தாலும் காணிப் பதிவகத்திலே தேடலாம். எமது பாட்டிமாரைக் காத்து வைத்திருக்கும் ஏடு பிறப்பேட்டிற்கு அடுத்தபடி அதுவே. நான்காவது, எழுதியதை இரண்டு படி எடுத்து இரண்டு வீட்டிலே வையுங்கள். போலந்தின் எரிந்த சுவடிச்சாலைகளும், 1981இல் எரிந்த எமது யாழ்ப்பாண நூலகமும் உணர்த்துவது இதனையே. ஐந்தாவது, தாய்வழியை மறவாதீர்கள். தந்தையின் பெயரை உங்கள் முதலெழுத்து காக்கும். தாயின் பெயரை நீங்களே காத்தல் வேண்டும்.

அடுத்து வந்த சித்திரா பௌர்ணமியன்று அதே ஐயர் எம் இல்லத்திற்கு எழுந்தருளினார். தமையனாரும் மாமியாரும் இருந்தனர். எள்ளும் நீரும் கையிலே இருந்தன. அம்மாவின் பெயரைக் கேட்டார், கூறினோம். அப்பாவைப் பெற்றவளைக் கேட்டார், கூறினோம். மூன்றாவதை அவர் கேட்கவில்லை. சென்ற முறை நேர்ந்ததை நினைந்து, எம்மை நாணுறச் செய்யலாகாதெனக் கருதி, "உமாதேவி" என்று தாமே தொடங்கினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றோம்.

அப்பெயரைச் சொன்னோம். திண்ணையிலே மாமியார் அதனை மெல்லத் தம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.